அந்தரத்தில் நின்ற குரங்கு

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, நீங்க எது வரைக்கும் படிச்சீங்க?" என்பதுதான். ஆறாவது. அதிலும் அரைப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. அடுத்த கேள்வி அவர்கள் வாய் வரைக்கும் வந்து நிற்கும், மரியாதைக்காக விழுங்கிவிடுவார்கள். ஆறாவது படித்த ஆள் வீடியோ கேம் கம்பெனியில் எப்படித் தலைமைச் சோதனையாளராக இருந்து ரிட்டயர் ஆனார்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதித் தரும்படி எங்கள் முதலாளி கலையரசியம்மா கேட்டார். மூன்று பக்கம் போதும் என்றார். என் பெருமை மூன்று பக்கத்தில் அடங்காது. இருந்தாலும் அடக்கிப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது, கண்டுபிடித்த தப்பை எங்கே பதிவது என்பதையெல்லாம் எங்கள் இன்ஜினியர் ஜோசப் உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பள்ளத்தைப் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் விருத்தாசலம் செராமிக் யூனிட் ஒன்றில் பொம்மை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதிலிருந்து வரும் பொம்மையின் உடம்பில், பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த அடையாளமே தெரியாமல் செய்யவேண்டும். குறை கண்டுபிடிப்பதில் அந்த ஷெட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று ஜங்ஷன் ரோட்டில் டிவி கேம் கடை போட்டேன். நாலு டிவி, எட்டு ஜாய்ஸ்டிக், ஒரு பெட்டி நிறைய கேசட். திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். கேசட் ஓடாவிட்டால் எந்தப் பக்கம் எவ்வளவு ஊதவேண்டும் என்று இந்த மாவட்டத்துக்கே சொல்லிக்கொடுத்தவன் நான்தான். பதினைந்து வருஷம் ராஜா மாதிரி நடத்தினேன். எல்லார் கையிலும் போன் வந்தது. கடையை மூடினேன், போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் கலையரசியம்மா என்னைத் தேடி வந்தார். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். சென்னையில் பெரிய கேம் கம்பெனியில் இருந்துவிட்டு, சொந்த ஊருக்குப் பக்கத்தில் விருத்தாசலத்திலேயே ஒரு ஆபீஸ் போட்டிருந்தார். கீழே பொம்மைக் கடை, மாடியில் ஒன்பது பேர்.

"எங்கண்ணன் உங்க கடையிலதாங்க குடியிருந்தான்" என்றார். "சாமானுல ஒரு கீறல் இருந்தாலும் உங்க கண்ணுக்குத் தப்பாதாமே. எங்களுக்கு அந்தக் கண்ணு வேணும். வர்றீங்களா?"

ஐம்பத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரே மாதத்தில் இன்ஜினியர்களை அலறவிட்டேன். அவர்கள் முடிந்தது என்று வைக்கிற எதுவும் என் கையில் முடியாது. பத்துத் தப்பு எடுத்துக் கொடுப்பேன்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பெரிய வேலை வந்தது. பழைய டிவி கேம் ஒன்று. அட்டையில் என்ன மொழி என்று எனக்குத் தெரியாது, எங்கள் கடையில் அதற்குப் பெயர் 'கோட்டைக் குரங்கு'. அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உரிமை கை மாறிக் கை மாறிச் சென்னையில் ஒரு வெளியீட்டாளரிடம் வந்திருந்தது. படத்தைப் புதுசாக்கி, குறைகளை நீக்கி, இன்றைய போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற மாதிரி செய்து தரவேண்டும். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் துண்டு துக்காணி வேலை. இது முதல் முழு வேலை. இது கைவிட்டுப் போனால் மாடியைக் காலி செய்துவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போகவேண்டியதுதான் என்று கலையரசியம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஜோசப்பின் மனைவிக்கு அப்போதுதான் இங்கே ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தேன்.

"ஐயா, இந்த கேம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கலையரசியம்மா.

"தெரியுமாவா? தூக்கத்துல எழுப்பி வுட்டாலும் கடைசிக் கோட்டை வரைக்கும் போயிட்டு வருவேம்மா."

அந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் அதில்தான் இருந்தது.

நான்கு பக்கத்துக்குக் குறைப் பட்டியல் போட்டேன். நாலு எதிரி சேர்ந்து வந்தால் படம் மினுக்குகிறது. பாட்டு நடுவில் நின்று நின்று ஓடுகிறது. சிவப்புச் சாவியும் பச்சைச் சாவியும் ஒரே உருவம். அதோடு இன்னொன்று: குரங்கு விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தாலும் கண் சிமிட்டும் நேரத்துக்கு விழாமல் காற்றில் நிற்கிறது. அது பெரிய குறை என்று நானே சிவப்பில் அடிக்கோடு போட்டேன். கண்டுபிடித்த பெருமையில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஜோசப் அதைத் திருத்தினார். அதன் பிறகு குரங்கு விளிம்பைத் தாண்டினால் உடனே விழுந்தது. சுத்தமான வேலை.

சோதனை செய்யும்போது எங்களுக்கு ஒரு வசதி உண்டு. 'சாகா வரம்' என்போம். அதைப் போட்டுக்கொண்டால் குரங்கு எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அடுத்த கரையில் எழுந்து நிற்கும். வேலை சீக்கிரம் முடியும். பத்துக் கட்டத்தையும் அந்த வரத்தோடுதான் பார்த்து முடித்தோம்.

முடிவு சொல்ல வெளியீட்டாளரின் ஆள் காலை ரயிலில் வந்து இறங்கினார். மூன்று மணி ரயிலில் திரும்பவேண்டும். பிடித்தால் அன்றைக்கே ஒப்புதல், பிடிக்காவிட்டால் வேலை சென்னையில் வேறு ஆபீசுக்குப் போகும். அவர் முன்னால் கெத்துக் காட்ட நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். என் கடையில் இந்த கேமைக் கடைசி வரை முடித்த ஒரே ஆள் சேகர். இப்போது பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் விளையாடினால் தெருவே வாசலில் நிற்கும். அவரைக் கூப்பிட்டிருந்தேன்.

சேகர் காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னண்ணே, கொரங்க சோப்பு போட்டுக் குளிப்பாட்டி வுட்டிருக்கீங்க!"

"நீ ஆடு. ஆடிட்டு அப்புறம் பேசு."

ஆறு கட்டம் வெண்ணெயில் கத்தி போல் போனார். சென்னைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். ஏழாவது கட்டத்தில் ஒரு பெரிய பள்ளம். தாவினார், விழுந்தார். மறுபடி தாவினார், விழுந்தார். மூன்றாவது தடவையும் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது.

"என்ன சேகரு, கைப்பழக்கம் போயிடுச்சா?" என்றேன்.

"கை எங்கயும் போவலண்ணே. கொரங்குதான் போயிடுச்சி. விளிம்பத் தாண்டி ஒரு கால வெச்சி, அங்கருந்துதான தாவணும்? இது நிக்கவே மாட்டேங்குது. ஏண்ணே, நீங்க ஆடிப் பாக்கலயா?"

அறையில் அத்தனை கண்ணும் என்மேல் திரும்பியது. தம்பி தங்கைகளே, இப்படி ஒரு நிமிஷம் உங்களுக்கும் வரும். சொல்ல என்னிடம் நாலு பொய் தயாராக இருந்தது. வயசாகிவிட்டது, மறந்துவிட்டது, மெஷின் சரியில்லை, சேகர் ஆடுவது சரியில்லை. எது சொன்னாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் பொய்யில் நின்றால், எங்கே தப்பு என்று தேடுகிறவர்களும் தப்பான இடத்தில்தான் தேடுவார்கள். மூன்று மணி வரைக்கும்தான் நேரம்.

"நான் மூணாவது கட்டத்தத் தாண்டுனதே இல்ல" என்றேன்.

சேகர் வாயைப் பிளந்தார். "பதினஞ்சு வருஷம் கடை வெச்சிருந்தீங்களேண்ணே!"

"கடை வெச்சவனே வெளையாண்டா கடைய யாருப்பா பாத்துக்கிறது? நாலு டிவிய பாப்பேனா, கொரங்கப் பாப்பேனா? கேசட்டு ஓடுதான்னு ரெண்டு கட்டம் பாப்பேன், எடுத்துக் குடுப்பேன். அவ்ளோதான்."

கலையரசியம்மா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

சென்னைக்காரர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். "இதுல என்ன இருக்கு? பள்ளத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிடுங்க. ஒரு மணி நேர வேலை. நான் ஒப்புதல் குடுத்துட்டு ரயில் ஏறுறேன்" என்றார்.

ஒன்பது பேரும் மூச்சு விட்டார்கள். "சரிங்க சார்" என்று கலையரசியம்மா சொல்ல வாய் திறந்தார். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என் பத்தொன்பதாவது வயசுக்குப் போகவேண்டும். செராமிக் யூனிட்டில் யானைப் பொம்மை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே காலியாக இருக்கும். ஒவ்வொரு யானைக்கும் வயிற்றுக்கு அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். என் கண்ணுக்கு அது குறை. யாரையும் கேட்காமல் ஒரு தட்டு முழுக்க ஈரக் களிமண்ணால் அடைத்து, மழமழவென்று துடைத்து வைத்தேன். மேஸ்திரி பாராட்டுவார் என்று நினைத்தேன். எல்லா யூனிட்டுக்கும் பொதுவான சூளையில் அத்தனை யானையும் வெடித்தது. உள்ளே இருந்த காற்றுக்கும் ஈரத்துக்கும் போக வழியில்லை. சில்லு தெறித்துப் பக்கத்துத் தட்டில் இருந்த மற்ற யூனிட் பொம்மைகளும் போயின. சூளையில் சாமான் அடுக்குகிற அக்கா ஒருவர் இருந்தார். அவர் திட்டவில்லை. ஒரு யானையின் வயிற்றுச் சில்லை என் கையில் வைத்தார்.

"கோட்டத் தொடைக்கத்தான் உன்ன வெச்சிருக்குது. கோடு அச்சால வந்தது, அத யாரும் வேணும்னு வெக்கல. ஓட்டைய ஒருத்தரு குத்தி வெச்சிருக்காரு. எதுக்குக் குத்துனாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் கேட்கவில்லை. அறுபதை நெருங்கும்போது, தலைமைச் சோதனையாளர் என்று கதவில் பெயர் போட்ட பிறகும் கேட்கவில்லை. அதே ஓட்டையை இரண்டாவது தடவை அடைத்திருந்தேன்.

அதனால் அன்றைக்குக் கேட்டேன். "சேகரு, அந்தக் கால் நிக்கிறது வேற எங்கியாவது வருதா?"

"கடைசிக் கோட்டையில பலகைப் பாலம் பூரா அதுதாண்ணே. கால வெச்சா பலகை வுழுந்துடும். காத்துல கால வெச்சி வெச்சிதான் ஓடியாவணும். அத இங்க ஏழாவதுலயே பழக்கி வுடுறான் கேம செஞ்சவன். இந்தப் பள்ளத்துல நான் எத்தினி நாள் செத்தேன் தெரியுமா? பள்ளத்த சின்னதாக்கிட்டீங்கன்னா அங்க வந்து ஒருத்தனும் தாண்ட மாட்டான்."

ஜோசப் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, பாலத்தையும் நாம சாகா வரத்துலதான் பாத்தோம்."

நான் சென்னைக்காரர் பக்கம் திரும்பினேன். "சார், பள்ளத்த வெட்டுனவரும் கால நிக்க வெச்சவரும் ஒரே ஆளு. ஒண்ணுக்காக இன்னொண்ண வெச்சிருக்காரு. நான்தான் புரியாம எடுத்துட்டேன். பள்ளத்த தொடாதீங்க. கால திருப்பிக் குடுப்போம்."

"பெரியவரே, உரிமை எங்ககிட்ட இருக்கு. எதை வேணா மாத்தலாம்."

"மாத்துங்க சார். வாணாம்னு யாரு சொன்னது? மாத்தலன்னா இது எந்தப் போன்லயும் ஓடாது, யாருக்கும் ஒதவாது. அச்சுல வந்த கோட்ட எல்லாம் தொடைங்க. குத்தி வெச்ச ஓட்டைய மட்டும் அடைக்காதீங்க. நான் அடைச்சி ஒரு சூளைய வெடிக்க வெச்சவன்."

யானைக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சேகர் சிரித்தார். சென்னைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

"சரி. என் பக்கத்தையும் கேளுங்க" என்றார். "பழைய டிவியில படம் மங்கல். குரங்கு காத்துல நின்னது யாருக்கும் தெரியல. இப்ப அதோட நகம் வரைக்கும் தெரியுது. தரையே இல்லாம நிக்கிற குரங்கைப் படம் புடிச்சிப் போட்டு ஊரே சிரிக்கும். அதுக்கு என்ன பண்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அப்போது சேகர் சும்மா இருக்க முடியாமல் கேட்டார்:

"அதுக்கு வாலு எதுக்கு சார் இருக்குது? சும்மா ஆட்டிக்கினு திரியவா?"

கலையரசியம்மா பேனாவை எடுத்துவிட்டார். படம் வரைவது அவர்தான். கால் காற்றில் இருக்கிற அந்த ஒரு நொடிக்கு, குரங்கின் வால் பின்னால் விளிம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிற மாதிரி நாலு படம் போட்டார். ஜோசப் பழைய காலைத் திருப்பி வைத்தார். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. இரண்டு மணியைத் தாண்டிவிட்டது.

"சாகா வரத்த எடுத்துடுங்க. மொதல் கட்டத்துலருந்து ஆடணும்" என்றேன்.

"நேரம் இல்ல ஐயா, ஏழாவதுலருந்து காட்டிடலாம்" என்றார் ஜோசப்.

"காட்டுறதுக்கு நேரமில்ல தம்பி. பாக்குறதுக்கு நேரம் இருக்குது. ஆடு சேகரு."

சேகர் ஆடினார். ஏழாவது கட்டம். பள்ளத்தின் விளிம்பு. குரங்கு ஒரு காலைக் காற்றில் வைத்தது. வால் சுற்றிப் பிடித்தது. தாவியது. அக்கரை. ஒன்பது பேரும் கத்திய கத்தலில் கீழே பொம்மைக் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். பலகைப் பாலத்திலும் அதே கால், அதே வால், தடதடவென்று பலகைகள் விழ விழ ஓடியது குரங்கு.

சென்னைக்காரர் கையை நீட்டினார். "குடுங்க, நான் ஒரு தடவை."

ஜோசப் ஏழாவது கட்டத்தை எடுத்துக் கொடுக்க, பள்ளத்தில் விழுந்தார். மறுபடி விழுந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் கால் மடித்து உட்கார்ந்தார்.

"சார், மூணு மணி ரயில்…" என்று இழுத்தார் ஜோசப்.

"இருங்க."

ஜங்ஷன் பக்கத்திலிருந்து ரயில் கூவுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் அவருடைய குரங்கு பள்ளத்தைத் தாண்டியது. அவர் போட்ட சத்தம் ரயிலைவிடப் பெரியது. பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்தது எப்போ?"

"ரயிலு சாயங்காலம் சார்" என்றார் சேகர். "அதுவரைக்கும் பாலத்துல வுழுங்க. ஒரு உசுரு மிச்சம் இருக்குது."

ஒப்புதலை அவர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் சேகர்தான் ஆட்டோவில் கொண்டுபோய் ரயிலேற்றினார். மாடி எங்கள் கையிலேயே இருந்தது. இன்றைக்கு அதே மாடியோடு பக்கத்துக் கட்டடத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் அதுதான்.

கேம் வெளியானதும் உலகம் முழுக்க இருந்து கடிதம் வந்தது. வாலைப் பற்றித்தான் பாதிப் பேர் எழுதினார்கள். சிலர் சண்டைக்கும் வந்தார்கள். மினுக்கலை ஏன் எடுத்தீர்கள், அடுத்தவர் செய்ததைத் தொட நீங்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் நான் பணியவில்லை. மினுக்கல் அந்தக் கால மெஷினின் இயலாமை. அது அச்சுக் கோடு. சாவிகளையும் மாற்றினோம், ஒன்றை வட்டமாக்கி மற்றதைச் சதுரமாக்கினோம். ஏன் தெரியுமா? ஜோசப்புக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாதக்கணக்கில் தப்பான கதவிலேயே முட்டிக்கொண்டிருந்தவர், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார். செய்தவர் இதைக் கேட்டிருந்தால் அவரே மாற்றியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

எனவே, நாம் செய்யாத கேமை நாம் திருத்தலாமா என்று உங்களை யாராவது கேட்டால், திருத்தலாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் செய்தவர் இல்லாத இடத்தில், கடைசி வரை ஆடியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட பிறகு திருத்துங்கள். சாகா வரத்தை எடுத்துவிட்டு, நீங்களும் செத்துச் செத்து ஆடிப் பாருங்கள்.

நீங்கள் நிரப்புகிற குறைப் பட்டியலில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும்: 'இதை எதற்கு வைத்திருப்பார்கள்?' அது நான் போட்ட கட்டம். இப்போது அந்த வெளியீட்டாளரின் சென்னை ஆபீசிலும் அதே கட்டத்தைத்தான் நிரப்புகிறார்கள். இன்ஜினியர்கள் நிரப்புகிற தாளில், ஆறாவது முடிக்காதவன் போட்ட கட்டம். அதை வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்க யாரும் வராதீர்கள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், ஆனால் என் வீடு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நான் மைக்கை வாங்கவில்லை, ஜாய்ஸ்டிக்கை வாங்கினேன். பொன்னாடையோடு உட்கார்ந்து முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். ஏழாவது கட்டத்துக்கு வருவதற்குள் வெளிச்சம் இறங்க ஆரம்பித்துவிட்டது. எத்தனை தடவை செத்தேன் என்று எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. விளிம்பைத் தாண்டி ஒரு காலைக் காற்றில் வைத்தேன். வால் பிடித்தது. தாவினேன்.

அக்கரையில் குரங்கு நிற்கிறது. என் பின்னால் நின்றிருந்த சேகர் தோளில் ஓங்கித் தட்டினார்.

"இன்னைக்கிதாண்ணே நீங்க கடையத் தொறந்திருக்கீங்க!"